‘அதுல ஓடாது’ என்று சொல்லும் முன்

ரிச்சி தெருவிலும், கோவை, மதுரை, திருச்சி என்று ஊர் ஊராகப் பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடிக் கடைகளிலும் கணினி விற்றும் சர்வீஸ் பார்த்தும் வரும் அண்ணன்மார்க்கும் தம்பிமார்க்கும்,



ஒரு வீட்டுக் கணினியில் எந்த ஓஎஸ் இருக்கப்போகிறது என்பதை நம் ஊரில் தீர்மானிப்பவர்கள் நீங்கள். வாங்க வருகிறவருக்கு அதில் பெரும்பாலும் கருத்தே இருக்காது. பூட்டபிள் பென்டிரைவ் உங்கள் மேசை டிராயரில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர் வீட்டுக்குப் போகிறது. அதனால்தான் இந்த மடலை மென்பொருள் நிறுவனங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் கொஞ்ச கால நீட்டிப்பு. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், சில விதிவிலக்குகள் போக, இன்டெலில் 8-ஆம் ஜென் வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். ஐடி கம்பெனிகள் கழித்துத் தள்ளிய டெல், எச்பி, லெனோவா மெஷின்கள் உங்கள் கடையில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் 4, 6, 7-ஆம் ஜென்தான் நிறைய. கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, “லினக்ஸ் போட்டுக் குடுங்கண்ணா, ஆனா கேம் ஆடணும்” என்கிறான். “அதுல ஓடாது தம்பி” என்கிறீர்கள். பிறகு டிபிஎம் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்றி, எங்கிருந்தோ வந்த ஆக்டிவேட்டரை ஒரு முறை ஓடவிட்டு, அந்த ஆக்டிவேட்டருக்குத் தடையாக இருந்த ஆன்டிவைரஸையும் அணைத்து, மெஷினைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

“அதுல ஓடாது” என்பது 2010-இல் சரியான பதில். இன்று அது பாதி தப்பு. மீதிப் பாதி இன்னும் சரிதான் என்பதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு பேசினால் உங்களுக்கும் நல்லது, அந்தப் பையனுக்கும் நல்லது.

முதலில், ஒரு விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? மெஷின் ஒன்றுதான், புராசஸர் ஒன்றுதான். இஎக்ஸ்இ கோப்புக்குள் இருக்கும் கட்டளைகள் இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான கட்டளைகள். விண்டோஸ் இல்லாவிட்டாலும் சில்லுக்கு அவை புரியும். சிக்கல் வேறிடத்தில். ஃபைலைத் திற, ஜன்னலை வரை, சத்தத்தை வெளியே அனுப்பு என்று புரோகிராம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விகளெல்லாம் கெர்னல்32.டிஎல்எல், யூசர்32.டிஎல்எல் போன்ற கோப்புகளுக்குப் போகின்றன. வைன் என்ற மென்பொருள் அதே பெயரில், அதே கேள்விகளுக்கு அதே மாதிரி பதில் சொல்லும் கோப்புகளைத் தானே எழுதி வைத்திருக்கிறது. கதவு எண் அதேதான், உள்ளே குடியிருப்பவர் மட்டும் வேறு. கேள்வியை வாங்கி லினக்ஸிடம் வேலையை முடித்துக்கொண்டு, விண்டோஸ் பாணியில் பதிலைத் திருப்பித் தருகிறது. ஒரு முழுக் கணினியை இன்னொன்றுக்குள் நடித்துக் காட்டும் வேலை இங்கே இல்லை. ‘எமுலேட்டர்னா ஸ்லோவா இருக்குமே’ என்ற பயம் அதனால் இதற்குப் பொருந்தாது.

இந்த வேலை 1993-இல் தொடங்கியது. விண்டோஸ் 3.1 காலம். 1994-இல் அலெக்சாந்த்ர் ஜூலியார் பொறுப்பேற்றார். 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஜூன் வரை, பதினைந்து வருடம் ஆனது. அந்தப் பதினைந்து வருடத்தில் வைனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுத்துப்போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மெனு வரும், எழுத்து வராது; எழுத்து வந்தால் பிரிண்ட் வராது. அந்தக் கசப்பு நியாயமானது.

கேம்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. விண்டோஸ் கேம்கள் படம் வரையக் கேட்பது டைரக்ட்3டி-யை. லினக்ஸில் அதை ஓப்பன்ஜிஎல்லாக மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. இரண்டின் போக்கும் வேறு என்பதால் வேகம் போய்விடும். 2016-இல் வல்கன் வந்தது. கிராபிக்ஸ் கார்டோடு கிட்டத்தில் நின்று பேசும் புதிய முறை அது. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய இளைஞருக்கு ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்று ஆசை. டைரக்ட்3டி 11-இன் அழைப்புகளை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே-யை அவர் எழுத ஆரம்பித்தார். ஒரு கேம் ஆட வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது இன்று ஆயிரக்கணக்கான கேம்களுக்கு அடித்தளம். பள்ளிக்கூடத்தில் ‘கேம் ஆடினால் உருப்படமாட்டாய்’ என்று சொன்ன வாத்தியார்களுக்கு இந்தச் செய்தியை யாராவது சேர்த்துவிடலாம்.

பணம் போட்டது வால்வ், அதாவது ஸ்டீம் கடைக்காரர்கள். அவர்களுக்கு லினக்ஸ் மேல் காதல் என்று நினைத்துவிட வேண்டாம். 2012-இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு ஸ்டோரோடு வந்தபோது, வீட்டுக்காரரே கீழே ஒரு கடை திறக்கிறாரே என்று அவர்களுக்குப் பயம் வந்தது. 2013-இல் ஸ்டீமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 2015-இல் ‘ஸ்டீம் மெஷின்’ என்று லினக்ஸ் பெட்டிகளை விற்றுப் பார்த்தார்கள். போணியாகவில்லை. கேம் தயாரிப்பவர்கள் தங்கள் கேமை லினக்ஸுக்கு மாற்றி எழுதுவார்கள் என்று எதிர்பார்த்ததுதான் காரணம், பெரும்பாலோர் எழுதவில்லை. இனி அவர்களைக் கெஞ்சுவதில்லை, விண்டோஸ் கேமை அப்படியே ஓடவைப்போம் என்று முடிவெடுத்து, வைனையும் டிஎக்ஸ்விகே-யையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டார்கள். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கணினி முழுக்க முழுக்க இதை நம்பித்தான் விற்பனையாகிறது. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.14-இலோ, விண்டோஸ் புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் முறையை வேகப்படுத்துவதற்காகவே ஒரு தனிப் பகுதி சேர்ந்தது. கெர்னலே இதற்கு இடம் ஒதுக்கிவிட்டது.

இது திருட்டு வேலை இல்லையே என்று ஒரு கடைக்காரர் கேட்கக்கூடும். இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மூல நிரலைப் பார்த்தவர் யாரும் வைனுக்கு நிரல் எழுதக் கூடாது என்பது அவர்கள் விதி. மைக்ரோசாஃப்ட்டே 2024 ஆகஸ்டில் தன்னிடம் இருந்த மோனோ என்ற மென்பொருள் திட்டத்தை வைன் குழுவிடம் ஒப்படைத்தது. நீங்கள் ஓடவிடும் ஆக்டிவேட்டரோடு ஒப்பிட்டால் இது கோயில் பிரசாதம்.

இனி உங்கள் அலமாரிக்கு வருவோம். இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் லினக்ஸ் போட்டும் கேம் ஓடவில்லை என்று திரும்பி வரும் மெஷின்களில் பலவற்றுக்குக் காரணம் லினக்ஸே இல்லை, கிராபிக்ஸ் கார்டு.

இப்போதைய டிஎக்ஸ்விகே 2-க்கு வல்கன் 1.3 வேண்டும். ஆபீஸ் பெட்டிகளில் செருகி விற்கிறீர்களே ஜிடி 710, அது கெப்ளர் காலத்து சில்லு. என்விடியா அதற்கு 470 வரிசையோடு டிரைவரை நிறுத்திவிட்டது, வல்கன் 1.3 கிடையாது. ஜிடி 730 என்ற பெயரில் விற்பதில் சில அட்டைகள் அதைவிடப் பழைய ஃபெர்மி, வல்கனே கிடையாது. விண்டோஸில் ஏதோ ஒரு பழைய டைரக்ட்எக்ஸ் கேமைத் தட்டுத்தடுமாறி ஓட்டும் அதே அட்டை, லினக்ஸில் கறுப்புத் திரையைக் காட்டும். பழி லினக்ஸ் மேல் விழும். 4-ஆம் ஜென் இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கும் இதே கதிதான். பழைய டிஎக்ஸ்விகே 1.10.3-ஐ வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் கேம் ஆடத்தான் வாங்குகிறேன் என்பவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

6-ஆம் ஜென் முதல் இன்டெலின் சொந்த கிராபிக்ஸே வல்கன் 1.3 பேசும். விண்டோஸ் 11 கதவைச் சாத்திய 6, 7-ஆம் ஜென் மெஷின்கள் இந்த வேலைக்குப் பொருத்தமாக வந்து நிற்கின்றன, விலையும் இறங்கி. ஆனால் அந்தச் சில்லுக்கு என்ன சக்தியோ அதுதான். புரோட்டான் ஜிபியுவைப் பெரிதாக்கிவிடாது. பழைய கேம்கள், இலகுவான கேம்கள் ஆடலாம். கார்டு சேர்ப்பதானால் செகண்ட்ஸில் கிடைக்கும் ஆர்எக்ஸ் 570, 580 போடுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துப் பார்த்துவிட்டு. ஏஎம்டி-க்கான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தேடி ஏற்ற வேண்டியதில்லை. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ இருந்தால் அதுவும் நன்றாகவே ஓடும்; ஆனால் என்விடியாவின் 580 வரிசையே அந்தத் தலைமுறைக்குக் கடைசி டிரைவர். அதை மீறி ‘லேட்டஸ்ட்’ போட்டால் திரை வராது.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு மூன்று. ஃபார்மட் போடும்போது ‘டி டிரைவ்ல கேம்ஸ் இருக்கு, அத தொடாதீங்க’ என்பார் வாடிக்கையாளர். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இருக்கும் அந்த கேம்களை அங்கேயே வைத்து லினக்ஸ் ஸ்டீமோடு இணைக்காதீர்கள். வைன் தன் ஃபோல்டரில் ‘சி’ எழுத்துக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்து இணைப்புகளை உருவாக்கும். அந்தக் குறி விண்டோஸின் கோப்புப் பெயரில் வரக் கூடாதது. இன்றைக்கு ஓடும், நாளைக்கு மக்கர் பண்ணும், நீங்கள் காரணம் தேடி ஒரு மதியத்தை இழப்பீர்கள். கேம்களுக்கு எக்ஸ்ட்4-இல் இடம் ஒதுக்கி அங்கே நகலெடுத்துவிடுங்கள். உபுண்டுவில் ஸ்டீமை ஸ்னாப் தொகுப்பாக ஏற்ற வேண்டாம். வால்வ் தருகிற டெப் கோப்புதான் சரி. எபிக் ஸ்டோரில் இலவசமாகத் தரும் கேம்களைச் சேர்த்து வைத்திருக்கிற பையன்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போட்டுக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

‘லினக்ஸ் போட்டா தினமும் போன் வரும்’ என்பது உங்கள் இன்னொரு கவலை. புரோட்டானில் ஒவ்வொரு கேமுக்கும் தனி ஃபோல்டர். அதற்குள் அந்த கேமுக்கென ஒரு சி டிரைவ், ஒரு ரிஜிஸ்ட்ரி. ஒரு கேம் கெட்டால் அந்த ஃபோல்டரை மட்டும் நீக்கினால் போதும், அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாகும். கேம் சேமிப்பு அதற்குள் இருக்கலாம், முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விண்டோஸில் ரிஜிஸ்ட்ரி கெட்டால் என்ன செய்வீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஓடாத பாதி.

பையன் கேட்கும் கேம் வேலராண்ட் என்றால், லினக்ஸ் வேண்டாம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். ஃபோர்ட்நைட் என்றாலும், பப்ஜியின் பிசி பதிப்பு என்றாலும் அப்படியே. இவை ஓடாததற்குக் காரணம் கிராபிக்ஸோ வேகமோ இல்லை. ஆன்டிசீட். ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருள். வேலராண்ட்டுக்குக் காவலான, ரயட் நிறுவனத்தின் வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. வைனிடம் விண்டோஸ் கெர்னல் கிடையாது, உட்கார இடமில்லை. அதே ரயட்டின் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸை எத்தனையோ பேர் பல வருடம் வைனில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் அதற்கும் வான்கார்டைக் கட்டாயமாக்கியதோடு அது முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு பெரிய காவல் மென்பொருள்களும் 2021-இலேயே புரோட்டானுக்கு ஆதரவு தந்துவிட்டன. கேம் நிறுவனம் ஒப்புக்கொண்டு இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எல்டன் ரிங் அப்படித்தான் ஓடுகிறது. ஈசி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரர் எபிக் நிறுவனம். ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுத்துவிட்டு, தன் சொந்த வீடான ஃபோர்ட்நைட்டுக்கு மட்டும் அந்தச் சாவியைப் போட மறுக்கிறது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் இன்னும் மோசம்: 2022 முதல் ஓடிக்கொண்டிருந்ததை 2024 அக்டோபர் 31-ஆம் தேதி நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதம் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ-யைச் சேர்த்தபோது லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றார்கள். ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி இன்றும் அருமையாக ஓடும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் “ஜிடிஏ ஓடும்” என்று விற்றால் மறுநாளே சண்டைக்கு வருவான்.

நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை அப்படியே ஒதுக்கவும் முடியாது. லினக்ஸில் கெர்னலையே மாற்றி எழுதிக்கொள்ளலாம். காவல்காரனை நிறுத்தும் தரையையே வீட்டுக்காரன் மாற்றிவிட முடியும் என்றால் காவலுக்கு என்ன மதிப்பு என்கிறார்கள். அது உண்மையான சிக்கல். ஆனால் ஆட்கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஸ்டீமின் மாதாந்தரக் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். அந்த 3 சதவீதத்துக்காக யார் ஆள் போடுவார்கள்? கெர்னலுக்குள் வெளியாரை விடுவதன் விலையையும் நினைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான திருத்தம் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அது ஆன்டிசீட் இல்லை. உட்கார்ந்திருந்த இடம் ஒன்றுதான்.

இந்தக் காவலைத் தாண்டவைக்கிறேன் என்று யாராவது வழி காட்டினால் வாடிக்கையாளரின் மெஷினில் அதை முயலாதீர்கள். கணக்கையே முடக்கிவிடுவார்கள். பையன் காசு போட்டு வாங்கிய ஸ்கின்களும் அதோடு போகும்.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ கேட்பவர்கள் தனி ரகம். அவை போனுக்கான ஆண்ட்ராய்டு கேம்கள். ப்ளூஸ்டாக்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. போனிலேயே ஆடச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: கணக்கு எழுதுபவர், ஃப்ளெக்ஸ் அடிப்பவர், வீட்டு பிளான் போடுபவர். டேலி, கோரல்டிரா, ஆட்டோகேட் எல்லாம் சோறு போடும் மென்பொருள்கள். அவற்றை வைனில் ‘ஓட வாய்ப்பிருக்கிறது’ என்பது போதாது. மார்ச் 31-ஆம் தேதி ராத்திரி அது திறக்கவில்லை என்றால் ஆடிட்டர் உங்களைத்தான் தேடி வருவார். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, யூஎஸ்பி டாங்கிள் கேட்கும் மென்பொருள் எதையும் வைனை நம்பிக் கொடுக்க வேண்டாம். அந்தக் கருவிகளின் விண்டோஸ் டிரைவர்களை வைனால் ஏற்ற முடியாது. இவர்களுக்கு லைசென்ஸோடு விண்டோஸ் வாங்கிக் கொடுங்கள், செலவு அவர்கள் தொழில் தாங்கும்.

டிடிபி வேலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. விண்டோஸில் பழகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைனில் ஏற்றிவிட்டு, லிப்ரே ஆபீஸில் தமிழ் விழவில்லை என்பார்கள். விழாது. வைனுக்குள் ஓடும் மென்பொருளால் வைனுக்குள் தட்டப்படுவதைத்தான் பிடிக்க முடியும். லினக்ஸ் புரோகிராமில் விழும் விசையை அது பார்க்காது. லினக்ஸிலேயே ஐபஸ், எம்17என் வழியாகத் தமிழ்99-ம் பழைய டைப்ரைட்டர் முறையும் கிடைக்கின்றன. அதைப் போட்டுக் கொடுங்கள், சண்டை தீரும்.

மறந்துவிடப் பார்த்தேன், வைரஸ். ‘லினக்ஸ்ல வைரஸ் வராது’ என்று சொல்லிச் சொல்லியே விற்கிறோம். வைன் ஒரு விண்டோஸ் புரோகிராமை நல்லது கெட்டது பார்க்காமல் ஓட்டும். சாதாரண வைன் ‘இசட் டிரைவ்’ என்ற பெயரில் முழு லினக்ஸையும் அந்தப் புரோகிராமுக்குத் திறந்து காட்டுகிறது. ஏதோ ஒரு கிராக் கேமுக்குள் ஒளிந்துவந்த ரான்சம்வேர், வாடிக்கையாளரின் குழந்தை போட்டோக்களைப் பூட்டிவிட முடியும். உங்கள் ஹார்ட்டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கும் ‘கேம் கலெக்‌ஷன்’ ஃபோல்டரை லினக்ஸ் மெஷினுக்குக் காப்பி அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இதற்கு மாறாக ஒரு நல்ல செய்தி. 90-களின் சிடியோடு யாராவது வருவார்கள், குழந்தைகளுக்கான ஏதோ ஒரு பழைய கேம். 16-பிட் புரோகிராமை 64-பிட் விண்டோஸ் தொடவே தொடாது. வைன் ஓட்டிப் பார்க்கும், பல நேரம் ஓடியும்விடும். விண்டோஸே கைவிட்ட விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டிக் காட்டினால் அந்த வாடிக்கையாளர் ஆயுளுக்கும் உங்கள் கடைக்குத்தான் வருவார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினுக்கு விலை பேசும் முன்பு, என்ன கேம் ஆடுவாய் என்று பெயரோடு கேளுங்கள். அந்தப் பெயர்களைப் புரோட்டான்டிபி தளத்தில் தட்டிப் பாருங்கள். ஆடிப் பார்த்தவர்கள் எந்த கார்டில், எந்தப் பதிப்பில் ஓடியது என்று எழுதி வைத்திருப்பார்கள். தேதியைப் பாருங்கள், மூன்று வருடம் பழைய குறிப்பை நம்பாதீர்கள். ஓடும் என்றால் எது ஓடும், ஓடாது என்றால் எது ஓடாது என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு 6-ஆம் ஜென் பெட்டியில் ஆர்எக்ஸ் 570 போட்டு, லினக்ஸ் ஏற்றி, கவுண்டர் மேல் வையுங்கள். வருகிறவர் தொட்டு ஆடிப் பார்க்கட்டும். கேம் திறந்திருக்கும்போது அவர் அது எந்த ஓஎஸ் என்று கேட்கிறாரா என்று நீங்களும் பாருங்கள்.

அந்த ஜிடி 710 ஸ்டாக்கை என்ன செய்வது என்பீர்கள். பில்லிங் மெஷினுக்கு இரண்டாவது மானிட்டர் மாட்ட நன்றாக உழைக்கும்.

அன்புடன்,
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஒருவன்